சீட்டி அடிக்கிற பெட்டி

இல்ல தம்பி, கரகரப்பு இல்ல. கரகரப்புன்னா நானே பாத்துருப்பேனே, தோக்மோக்லருந்து வேன் புடிச்சு பிஷ்கேக் வரைக்கும் எதுக்கு வரேன்? முப்பத்தியோரு வருசமா கல்யாண விருந்துல கிதார் வாசிக்கறவன் நான். கரகரப்புக்கெல்லாம் கொஞ்சம் ஸ்பிரிட்டும் ஒரு பழைய டூத் பிரஷும் போதும். இது வேற. மெல்லிசா, மேல, ரொம்ப மேல போற சத்தம். கெட்டில்ல தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு வரும் பாரு, அந்த மாதிரின்னு எங்க பாட்டுக்காரி மேரிம் சொல்றா. காதுக்குள்ள கொசு பூந்துக்கிட்ட மாதிரின்னு என் மாப்பிள்ளை சொன்னான். எனக்கா? எனக்கும் அப்படித்தான். ரெண்டும் சேந்த மாதிரி. நீ கேட்டா உனக்கே தெரியும்.

இரு, இரு, அவசரப்பட்டு ஸ்க்ரூவக் கழட்டாத. முதல்ல கதையைக் கேளு. டாக்டர்னா வயித்தைக் கிழிச்சுட்டா எங்க வலிக்குதுன்னு கேப்பாரு? ஆங். டீ ஊத்து, குடிக்கறேன். இந்தா, இந்தப் பையில போர்சோக் இருக்கு, என் பொண்டாட்டி ஜிபார் காலைலதான் மாவு பிசைஞ்சு பொரிச்சா. சாப்பிட்டுக்கிட்டே கேளு. எண்ணெய்க் கையை மட்டும் துடைச்சுட்டு பெட்டியத் தொடு.

பேரா? சோவெத்பெக்னு எழுதிக்க. சிரிக்காதய்யா. எங்கப்பா கட்சிக்காரரு, புள்ள பொறந்த சந்தோசத்துல நாட்டோட பேரையே வெச்சுட்டாரு. நாடு போயிடுச்சு, பேரு மட்டும் என் கழுத்துல தொங்குது.

இந்தப் பெட்டிய ஏழு வருசம் முன்னாடி அல்மாட்டிக்காரன் ஒருத்தன்கிட்ட வாங்கினேன். அப்பவே பழசுதான். ஆனா சும்மா சொல்லக் கூடாது, நல்லா உழைச்சுது. கிதாரை இதுல செருகிட்டா ஒரு மிதிக்கு ஒரு சத்தம். சோகப் பாட்டுக்கு மலைக்குள்ள நின்னு வாசிக்கற மாதிரி எதிரொலி. ஆட்டத்துக்கு ஒண்ணு. கல்யாணப் பொண்ணு உள்ள வர்றப்ப ஒண்ணு, கேட்டா கெழவிங்ககூட தலைத்துணியால கண்ணத் தொடைப்பாங்க. தொண்ணூத்தொம்பது சத்தம் இருக்குன்னு பெட்டி மேலயே போட்டுருக்கான் பாரு. நூறாவதா இது ஒண்ணு, யாரும் கூப்பிடாம வந்து உக்காந்துக்கிச்சு.

எப்பருந்தா? ஆகஸ்ட் கடைசிலருந்து. அப்பன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நாங்க மூணே பேரு. நான் கிதாரு, மேரிம் பாட்டு, கீபோர்டுக்கு என் மாப்பிள்ளை எர்னாசர். என் ஒரே பொண்ணு கெரெஸ் இருக்கா இல்ல, அவ புருசன். கீபோர்டு வாசிக்க வந்தவன், என் வீட்டுல நாலு தடவ சாப்பிட்டான், அஞ்சாவது தடவ பொண்ணைக் கேட்டுட்டான். நல்ல பையன்தான். அதைப் பத்தி அப்பறம் சொல்றேன்.

ஒரு நாள் விருந்து முடிஞ்சு வயரெல்லாம் சுத்திக்கிட்டு இருக்கோம். மேரிம் வந்து, அண்ணே, உங்க பெட்டி கத்துதுண்ணே, பாட்டுக்கு நடுவுல மூச்சு விடறப்பல்லாம் கேக்குதுங்கறா. எர்னாசரும் ஆமா மாமாங்கறான். நான் நம்பல. முந்நூறு பேரு சாப்பிடற எடம், தட்டுச் சத்தம், குழந்தைங்க சத்தம், குடிச்சுட்டு அழறவன் சத்தம், இதுக்குள்ள ஊசி சத்தம் எவனுக்குக் கேக்கும்? எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இவங்க ரெண்டு பேரும் சேந்து என்னை வெட்டி விடப் பாக்கறாங்க. இப்பல்லாம் லேப்டாப்ல பாட்டப் போட்டுட்டு முன்னால நின்னு வாயசைக்கறானுங்களே, கூலியில ஒரு பங்கு மிச்சம். கிழவன் கிதாரு கத்துது, கிதாரே வேணாம்னு சொல்லத்தான் இந்த ஏற்பாடுன்னு நெனச்சேன். ரெண்டு வாரம் அவங்ககூட மொகம் குடுத்தே பேசல.

அப்பறம் கல்யாண வீட்டுக்காரங்களே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பொண்ணோட தங்கச்சி ஒருத்தி, ஸ்பீக்கருக்கு முன்னால காதைப் பொத்திக்கிட்டு நின்னா. சரி, ஏதோ இருக்குன்னு இறங்கினேன்.

என்னென்ன பாத்தேனா? கேளு. முதல்ல கேபிள். உங்க பஜார்லதான், அந்த மூணாவது வரிசைக் கடையில, ரெண்டு புது கேபிள் வாங்கினேன். போகல. அடுத்து கிதாரையே சந்தேகப்பட்டேன். உள்ள தகடு ஒட்டினா இரைச்சல் வராதுன்னு எவனோ சொன்னான். தகடுக்கு எங்க போறது, ஜிபார் அடுப்புல வைக்கற வெள்ளித்தாள் சுருள் ஒண்ணு இருந்துச்சு, முழுசையும் கிதார் வயித்துக்குள்ள ஒட்டிட்டேன். அவ மீனை வேக வைக்க தாளைத் தேடறா, தேடறா. கிதாருக்குள்ள இருக்குன்னு சொன்னேன். அதையே வேக வெச்சுத் தின்னுங்கன்னுட்டா. அதுக்கும் போகல.

அடுத்து விளக்கு. இப்ப எல்லா விருந்து மண்டபத்துலயும் செவுரு பூரா கலர் விளக்கு ஓடுதே, அதுதான் கெடுக்குதுன்னு ஒரு கல்யாணத்துல போய் அதையெல்லாம் அணைக்கச் சொன்னேன். பொண்ணோட அம்மா சண்டைக்கு வந்துட்டா. விளக்குக்கும் சேத்துத்தான் மண்டபம் புடிச்சோம், உங்க டப்பாவை வேணும்னா அணைச்சுக்கங்கன்னா. அடுத்து வீட்டு லைன். ஃபிரிட்ஜ் மோட்டார் இழுக்குதோன்னு ஃபிரிட்ஜை அணைச்சு பாத்தேன். பாத்தவன் திரும்பப் போட மறந்துட்டேன். செப்டம்பர் வெய்யில்ல மூணு கிலோ குதிரைக் கறி நாறிப் போச்சு. அன்னைக்கு நான் கேட்ட சத்தம் இருக்கே, அதுக்கு எந்தப் பெட்டியும் வேணாம், ஜிபார் ஒருத்தி போதும்.

அவளைத்தான் பக்கத்துல நிக்க வெச்சுக்குவேன். நான் ஒண்ணொண்ணா கழட்டி மாட்டறது, அவ கேட்டுச் சொல்றது. வருதாடி? வருது. இப்ப? இப்பவும் வருது. நீங்களே கேளுங்களேன், எனக்கு மாவு பிசையணும்ங்கறா. ரெண்டு காதுக்கு நாலு காது நல்லதுடி, நில்லுன்னேன்.

ஆமா, அந்தச் சின்ன சுவிட்ச் நான் சேத்ததுதான். காலால ஒரு மிதி மிதிச்சா பெட்டி மொத்தமா வாயடைச்சுடும். திரும்ப மிதிச்சா பேசும். எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? நீ விருந்துக்கே போனதில்லையா? பெரியவங்க பாதா குடுக்கறப்ப ஸ்பீக்கர்லருந்து ஒரு குண்டூசி சத்தம் வரக் கூடாது இல்ல. பெரியவர் எந்திரிச்சு கையை ஏந்தினாருன்னா முந்நூறு பேரும் கையை ஏந்திக்கிட்டு மூச்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருப்பாங்க. அவரு ஆசீர்வாதம் சொல்லி முடிச்சு ஓமின்னு சொல்லி மொகத்தைத் தடவற வரைக்கும் கொழந்தைகூட சிணுங்காது. அப்ப பெட்டிய மிதிச்சு அடக்கறது என் வேலை. என் வேலைதான், இல்லேங்கல.

அக்டோபர்ல காந்த் ஊருல ஒரு கல்யாணம். பெரிய எடம். கல்யாண மாப்பிள்ளையோட தாத்தாவுக்கு அண்ணன், தொண்ணூறு வயசு, ஆனா காது மட்டும் கத்தி மாதிரி, வெள்ளைத் தொப்பியும் குச்சியுமா அவரை ரெண்டு பேரு கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து நடுவுல நிக்க வெச்சாங்க. விருந்தை நடத்தறவன் மைக்கை அவரு வாய்க்கு நேரா புடிச்சான். அவரு கையை ஏந்தினாரு. நாங்களும் ஏந்தினோம். மண்டபமே அடங்கிப் போச்சு. உங்க வீட்டு வாசல் மூடாம இருக்கட்டும், உங்க அடுப்பு அணையாம இருக்கட்டும்னு ஆரம்பிச்சாரு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். அந்தக் கிழவர் குரல் அப்படி, அடித் தொண்டையிலருந்து வருது, நெஞ்சுக்குள்ள எறங்குது. திடீர்னு நிறுத்திட்டாரு.

என்ன கேட்டாருங்கற? எவண்டா அது, வீட்டுக்குள்ள சீட்டி அடிக்கறவன்னாரு. மைக்குல.

அதான், உனக்கே திக்குனு ஆவுது பாரு. சாதாரண நாள்லயே வீட்டுக்குள்ள சீட்டி அடிச்சா வீட்டுல இருக்கறதெல்லாம் காத்தோட போயிடும்னு பின்னந்தலையில ஒண்ணு வைப்பாங்க. இது கல்யாணம். அதுலயும் பாதா நடுவுல. கல்யாணப் பொண்ணு மொகத்துல ரத்தமே இல்ல. கல்யாண மாப்பிள்ளையோட அம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டு எங்களைத்தான் பாக்கறா. எல்லாரும் எங்களைத்தான் பாக்கறாங்க. நான் கண்ணைத் திறந்து திரும்பறேன், எர்னாசர் கீபோர்டுக்குப் பின்னாடி கையை ஏந்திக்கிட்டு நிக்கறான், உதட்டைக் குவிச்சு, என்னைப் பாத்து, ஃபூன்னு.

அடிச்சுட்டேன். ரெண்டு எட்டு வெச்சுப் போய் கன்னத்துல பளார்னு ஒண்ணு.

ஆமா, என் மாப்பிள்ளையைத்தான். முந்நூறு பேரு முன்னால. என் பொண்ணைக் கட்டினவனை, என் பேரனோட அப்பனை. நீ டீயைக் குடி, ஆறிப் போவுது.

அவன் என்ன பண்ணினானா? ஒண்ணும் பண்ணல. கையை மெதுவா கீழ எறக்கினான். கோட்டை எடுத்துக்கிட்டான். என்னைத் தாண்டிப் போறப்ப, என் காலுக்கிட்ட இருந்த அந்த சுவிட்சை ஒரு மிதி மிதிச்சான், போயிட்டான். திமிரைப் பாருன்னு நெனச்சேன். அப்பறம் கிழவரு தலையை ஆட்டிட்டு, ம், இப்ப நின்னுச்சுன்னாரு. விட்ட எடத்துலருந்து எடுத்து சொல்லி முடிச்சாரு. ஓமின்னு எல்லாரும் மொகத்தைத் தடவினோம். நான் விருந்தை நடத்தறவன்கிட்ட போய், பாத்தியா, சீட்டி அடிச்சவன் வெளிய போனான், சத்தம் நின்னுச்சுன்னு பெருமையா சொல்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான்.

எனக்குப் புரியுது, நீ எங்க வரேன்னு. அவன் சுவிட்சை மிதிச்சதாலதான் நின்னுச்சு, அதானே? மேரிமும் அதையேதான் சொன்னா. அடுத்த வாரம் அவன் இல்லாம நாங்க ரெண்டு பேரு போனோம், அங்கயும் பெட்டி கத்துச்சாம். சரி, பெட்டி கத்துது, நான் இல்லேன்னு சொன்னனா? அதனாலதான உன்கிட்ட தூக்கிட்டு வந்துருக்கேன். பெட்டியும் கத்துச்சு, அவனும் சீட்டி அடிச்சான். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கக் கூடாதா?

அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். என் ரெண்டு காதால கேட்டேன்னு சொன்னேன். முப்பத்தியோரு வருச கிதாருக்காரன் காது, ஒரு நரம்பு முடியளவு இறங்கினாக்கூட சொல்லிடும், அந்தக் காதால கேட்டேன்னேன். மூணாம் நாள் கெரெஸ் வந்தா. கொழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு, காலணியக்கூட கழட்டாம வாசப்படியிலயே நின்னா. அப்பா, அவரு சீட்டி அடிச்சாரா இல்லையான்னா. அடிச்சான்னேன். நீ கேட்டியான்னா. கேட்டேன்னேன். மேசை மேல ரொட்டி இருந்துச்சு. அதைக் கையில எடுத்து சத்தியமா சொல்லுன்னா.

எடுத்தேன் தம்பி. ரொட்டியைக் கையில எடுத்துத்தான் சொன்னேன். ஜிபார் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

அன்னைலருந்து கெரெஸ் வரல. எர்னாசர் வேற கோஷ்டியில சேந்துட்டான்னு கேள்வி. அவன் யார்கிட்டயும் என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையாம். திட்டினாலாவது நானும் நாலு திட்டு திட்டிட்டு ஆறிப் போவேன். இப்ப வர்ற சனிக்கிழமை பேரனுக்குக் கால் கயிறு வெட்டறாங்க. முதல் நடை. கறுப்பும் வெள்ளையுமா கயிறு முறுக்கி ரெண்டு காலையும் கட்டி, புள்ளைங்க ஓடி வந்து வெட்டும். அவன் நடக்கறான்னு ஜிபார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூணு எட்டு வைக்கறானாம், பொத்துனு உக்காந்து கீச்சுனு சிரிக்கறானாம். நேத்து கெரெஸ் ஃபோன் பண்ணி, அம்மா, நீ வா, நீ மட்டும் வான்னு சொல்லிருக்கா. ஜிபார் அதை என்கிட்ட சொல்லிட்டு, போகட்டுமா வேணாமான்னு கேக்கறா. போன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது?

அதனாலதான் சொல்றேன், வெள்ளிக்குள்ள எனக்கு வேணும். சனிக்கிழமை இதை எடுத்துட்டு நானும் போலாம்னு இருக்கேன். தொரத்தினா தொரத்தட்டும்.

சரி, போட்டுப் பாரு. அந்த ஸ்பீக்கர்ல குடு. கிதாரை நான் புடிச்சுக்கறேன், நீ பெட்டியப் பாரு. ம். ம். ஆமா. அதேதான், அதேதான். கேக்குது இல்ல? உனக்கு எப்படி, கொசுவா, கெட்டிலா? சரி, இப்ப நீ என்ன மாத்தின? ஓகோ. இப்ப கொஞ்சம் கொறஞ்சுருக்கு. ஆமா, கொறஞ்சுதான் இருக்கு. முழுசா போகல, ஆனா அந்தக் கூர்மை இல்ல.

என்னய்யா அப்படிப் பாக்கற?

இன்னும் பிளக்கே செருகலையா?

ம். சரி. அது என்னன்னா, இத்தனை மாசமா அந்தச் சத்தத்தையே நெனச்சுக்கிட்டு இருக்கேன் இல்ல, தலைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு. பெட்டி இல்லாமயே கேக்குது எனக்கு. அப்படி ஆகும் தம்பி, உனக்கு வயசு பத்தாது, தெரியாது. நீ உன் வேலையைப் பாரு. செருகு. செருகிட்டியா? நீயே சொல்லு, நீதான் மெக்கானிக். வருதா?

ஓ. காதைச் சுளிக்கறியே, நல்லாவே வருது போல.

என்னது? அடாப்டரா? ஆகஸ்ட்லதான் மாத்தினேன். பழசு கருகிப் போச்சு, பஜார்ல ஒண்ணு வாங்கினேன், ஒண்ணுலருந்து ரெண்டு வால் பிரியும், அது. ஒரு வாலு பெட்டிக்கு, இன்னொரு வாலு மேரிமோட ஒயர் இல்லாத மைக்கோட டப்பாவுக்கு, அதுவும் எப்பவும் இதோடயே மாட்டித்தான் கெடக்கும். ரெண்டுக்கும் ஒரே வோல்டேஜ்தானே, எதுக்கு ரெண்டு அடாப்டர்னு. அது தப்பா? மைக்கோட இரைச்சல் இந்த வால் வழியா பெட்டிக்குள்ள வந்துடுமா? அது பெட்டியோட குத்தமே இல்லையா?

அட போய்யா. நெசமாவா சொல்ற? இப்ப தனி அடாப்டர் குடுத்துருக்க. நின்னு போச்சா? சுத்தமாவா? சத்தியமா?

அவ்வளவுதானா? இதுக்கா நான் குதிரைக் கறியை நாற வெச்சேன்? இதுக்கா?

சிரிக்கறேன்னு பாக்காத. இது எனக்கு முன்னாடியே ஒருத்தன் சொன்னது. செப்டம்பர்லயே. மாமா, பெட்டிக்குத் தனி அடாப்டர் குடுத்துப் பாருங்க மாமான்னான். கீபோர்டுக்காரன் எனக்குக் கிதாரு சொல்லித் தரானான்னு வாயை மூடச் சொன்னேன். அவன் மறுநாளே ஒரு அடாப்டர் வாங்கிட்டு வந்து என் பையில போட்டுட்டான். அது இன்னும் அந்தப் பையிலதான் கெடக்குது, கவரைக்கூட பிரிக்கல. அந்தா, பக்கவாட்டு ஜிப்புக்குள்ள பாரு. இருக்கா? அதையே போட்டுடு. உன்னோடது வேணாம்.

நல்லதாப் போச்சு. முடிஞ்சுது. நீ நல்ல வேலைக்காரன்பா. நான் கெளம்பறேன், மூணு மணி வேனைப் புடிச்சா இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவேன், வழியெல்லாம் பனி வேற. கிதாரை உறையில போட்டுக்கறேன். பெட்டிய அந்தத் துணியில சுத்திடு.

இல்ல, இரு. சுத்தாத. வெளிய எடு.

ஒண்ணு கேக்கறேன், முடியுமான்னு சொல்லு. இதுல ஒரு சின்ன பல்பு வைக்க முடியுமா? அந்த மாதிரி மேல போற சத்தம் வந்தா எரியணும். நின்னா அணையணும். அவ்வளவுதான். இருக்கற விளக்கு இல்லய்யா, அது கரன்டு வந்தா எரியறது. இது சத்தத்துக்கு. முடியுமா? கஷ்டம்தான், ஆனா முடியும், அப்படித்தான? சரி, அப்ப செய்யி. வெள்ளி வரைக்கும் டைம் எடுத்துக்க.

சத்தம்தான் போயிடுச்சே, எதுக்கு பல்புங்கற. இந்தச் சத்தம் போச்சு. நாளைக்கு வேற ஒண்ணு வரும், வேற மண்டபம், வேற வயரு. பாதா நேரத்துல எப்ப மிதிக்கணும்னு எனக்குத் தெரியணும் இல்ல. முன்னெல்லாம் எர்னாசர் பாத்துக்குவான். கீபோர்டுக்குப் பின்னாலருந்து தாவாங்கட்டையால பெட்டியக் காமிப்பான், நான் மிதிப்பேன். பெட்டி கத்துதுன்னு ஒரு தடவகூட விருந்தாளிங்க முன்னால வாய் விட்டு சொன்னதில்ல. காந்த்ல நான் மிதிக்காமயே கண்ணை மூடிக்கிட்டேன். அவன் தாவாங்கட்டையைக் காமிச்சுப் பாத்துருப்பான், நான் பாக்கல. ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு நிக்கறவன் வேற என்ன பண்ணுவான், கூப்பிட முடியுமா, கையைத்தான் ஆட்ட முடியுமா? அதான் விளக்கை ஊதி அணைக்கற மாதிரி உதட்டைக் குவிச்சு ஊதிக் காமிச்சுருக்கான். அணைங்க மாமான்னு.

அவன் சீட்டி அடிக்கல தம்பி. அடிச்சிருந்தாலும் எனக்குக் கேட்டுருக்காது. கிழவரு சீட்டின்னாரு, நான் திரும்பினேன், குவிஞ்ச உதட்டைப் பாத்தேன். பாத்ததைத்தான் கேட்டேன்னு ரொட்டி மேல சத்தியம் பண்ணினேன்.

இந்தப் பெட்டி போடற அந்தச் சீட்டிச் சத்தத்தை நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அந்தக் கல்யாணம் முடிஞ்சு வந்து, வீட்டுல மேசை மேல வெச்சுப் போட்டேன். சத்தத்தை முழுசா ஏத்தி விட்டேன். சமையல்கட்டுல ஜிபார் மாவுக் கையோட காதைப் பொத்திக்கிட்டா. நான் ஸ்பீக்கர் மேல காதை வெச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன், ஒண்ணுமில்ல. இந்தக் காதை வெச்சுப் பாத்தேன், அந்தக் காதை வெச்சுப் பாத்தேன். அவ ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல. கல்யாணத்துக்குக் கூப்பிடறவனுக்குத் தெரிஞ்சா செவிட்டு கிதாருக்காரனை எவன் கூப்பிடுவான்? முப்பத்தியோரு வருசமா ஸ்பீக்கருக்குப் பக்கத்துல நின்னா மேல போற சத்தமெல்லாம் காதுல விழாம போயிடுமாம். பேரன் கீச்சுனு சிரிக்கறதும் அதுல சேத்தி.

அவன்கிட்ட போய் சொல்லிடுன்னு நீ சொல்லுவ. சொல்லிடலாம்தான். ஆனா எனக்கு என்னைத் தெரியும். மாப்ளன்னு ஆரம்பிப்பேன், பாதியில கோவம் வந்துடும், அடாப்டரைப் பத்தி சண்டை போட்டுட்டு எந்திரிச்சு வந்துடுவேன். அதுக்குத்தான் பல்பு. சனிக்கிழமை அவன் முன்னால வெச்சு, பழைய அடாப்டரை மாட்டி, பல்பு எரியறதைக் காமிச்சா போதும். அவன் கெட்டிக்காரன், எனக்கு எதுக்கு பல்பு வேணும்னு கேக்க மாட்டான்.

செவப்பு கலரே இருக்கட்டும். கொஞ்சம் பெரிசா இருந்தாலும் பரவால்ல. ஆனா ஓரத்துல, அடியிலன்னு மறைச்சு வெச்சுடாத தம்பி. மேலயே வெய்யி. நடு மண்டபத்துலருந்து பாத்தாலும் தெரியணும்.